வாயிற்காவல் வேண்டும், வாயிலடைப்பு வேண்டா!

ஒரு மென்பொருளிலிருந்து தமிழை வெளியேற்றப் படை வேண்டியதில்லை, அரசாணையும் வேண்டியதில்லை. இரண்டு உரோம எழுத்துகளை அழித்தால் போதும். இம்மென்பொருள் இன்னின்ன மொழிகளில் வெளிவரும் என்று அறிவிக்கும் சிறு பட்டியற் கோப்பொன்று 'இலிங்குவாசு' என்னும் பெயரில் கட்டற்ற மென்பொருள்கள் பலவற்றின் மூலத்தொகுப்பில் இருக்கிறது. அதில் தமிழைக் குறிக்கும் 'டி', 'ஏ' என்னும் இரண்டெழுத்தும் ஒரு மூலையில் நிற்கும். வெளியீட்டிற்கு முந்திய இரவில் தமிழ்ப் பகுதியால் வேலை தடைப்பட்டதென்று காணும் ஒருவர், அவ்விரண்டெழுத்தை நீக்கிவிட்டு உறங்கப் போகலாம். மறுநாள் மென்பொருள் குறித்த நேரத்தில் வெளிவரும். தமிழ்க் கையேடு வெளிவராது. திங்கட்கணக்கில் ஊதியமின்றி உழைத்து அக்கையேட்டைப் பெயர்த்தவனுக்கு ஒரு மடல் வராது. அதை நம்பியிருந்த மாணவனுக்கு ஒரு விளக்கமும் கிட்டாது. முன்பிருந்த தமிழ் ஏன் இல்லாமற் போயிற்று என்று கேட்பாரும் இலர்.

இவ்வாறு செய்வோரெல்லாம் தமிழ்ப்பகைவர் என்று நாம் கூறவில்லை. பெரும்பாலோர் தமிழறியாதார், சிலர் தமிழரே. அவர்கள் காட்டும் கரணியம் ஒன்றுதான்: "மொழிபெயர்த்த ஆவணம் கட்டுமானத்தை முறிக்கிறது, வெளியீட்டைத் தாழ்த்துகிறது." இக்கூற்றில் உண்மையும் உண்டு, பொய்யும் உண்டு. உண்மையை ஒப்புக்கொண்டு பொய்யைத் தோலுரிப்பதே இக்கட்டுரையின் வேலை.

கட்டுமானம் என்பது யாது?

மென்பொருள் துறையிற் புழங்காத அன்பர்களுக்காக ஒன்றை முதலில் விளக்க வேண்டும். நிரலர் எழுதும் மூலநிரல் எழுதியவாறே மக்கள் கைக்கு வருவதில்லை. அதனைப் பொறிக்கேற்ற வடிவிற்கு மாற்றி, துணைக்கோப்புகளைச் சேர்த்து, கையேட்டை வலைப்பக்கமாகவும் அச்சுப்பக்கமாகவும் ஆக்கி, அனைத்தையும் ஒரே பொதியாகக் கட்டவேண்டும். இவ்வேலையையே கட்டுமானம் என்கிறோம். கட்டளை வரிசையொன்றை வைத்துக்கொண்டு பொறியே இதனைச் செய்கிறது. வரிசையில் ஒரு படி பிழையென்று திரும்பினால் பொறி அங்கேயே நிற்கும். நூறு படிகளில் தொண்ணூற்றொன்பது செவ்வையாக முடிந்திருந்தாலும், எஞ்சிய ஒன்றிற்காக முழு வெளியீடும் காத்துக்கிடக்கும்.

கையேடும் அவ்வரிசையில் ஒரு படியே. கையேட்டைப் பத்து மொழிகளில் ஆக்கினால் அப்படி பத்து முறை நடக்கும். பிழை நுழையும் வாயில்களும் பத்தாகும். ஆகவே, மொழிபெயர்ப்பு மிகுந்தால் முறிவுக்கு வாய்ப்பும் மிகும் என்பது மறுக்க முடியாத செய்தி. இதனை நாம் மறுக்கவில்லை. எங்கே முறிகிறது, ஏன் முறிகிறது, யார் சீர்செய்ய வேண்டும் என்பனவே வினாக்கள். இவற்றை எவரும் அமர்ந்து ஆராய்வதில்லை. "தமிழால் முறிந்தது" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். எனவே நாமே ஆராய்வோம்.

எங்கெங்கே முறிகிறது?

முதலாவது, இடங்காட்டிகள். நிரலின் உள்ளேயே அமைந்த உதவிக்குறிப்புகளிலும் அறிவிப்புகளிலும், ஓடும்போது நிரப்பவேண்டிய வெற்றிடங்கள் உண்டு. விழுக்காட்டுக் குறியும் அதனையடுத்து ஓர் உரோம எழுத்தும் அவ்விடத்தைக் காட்டும். ஆங்கிலத் தொடரில் முதலிற் கோப்புகளின் எண்ணிக்கையும் பின்னர் அடைவின் பெயரும் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். தமிழிலோ "இன்ன அடைவிற்கு இத்தனை கோப்புகள் சென்றன" என்று பெயர் முன்னும் எண் பின்னும் வருவதே இயல்பு. வினை இறுதியில் நிற்கும் மொழிக்கு இந்த இடமாற்றம் பிறப்பியல்பு. ஆனால் பொறி முதற்கண் எண்ணைத்தான் நீட்டும். சி மொழியில் எழுதிய நிரலாயின், எண்ணை எழுத்துச்சரத்தின் முகவரியென்று கொண்டு, இல்லாத இடத்தைத் தேடிச்சென்று நிரல் குப்புற விழும். இதற்கு மருந்து நெடுங்காலமாகவே உண்டு. இடங்காட்டிக்குள் வரிசையெண்ணையும் சேர்த்து, 'இது இரண்டாவது, இது முதலாவது' என்று குறித்துவிட்டால், தமிழ் தன் நடையில் நிற்கும், நிரலும் விழாது. 1995 முதல் வழங்கிவரும் குனூ கெட்டெக்சுட்டுத் தொகுப்பின் சரிபார்ப்புக் கருவி, இடங்காட்டிகளின் எண்ணிக்கையும் வகையும் மூலத்தோடு பொருந்துகின்றனவா என்று நொடியிற் பார்த்துச் சொல்லும். அதனை ஏவாதவன் குற்றத்தைத் தமிழின் தொடரமைப்பின் மேற் சுமத்தலாமா?

இரண்டாவது, குறிகளும் வேற்றுமை உருபுகளும். பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காக 2008-இல் வெளிவந்த இசுபிங்சு என்னும் கருவி இன்று பல கையேடுகளை ஆக்குகிறது. இலினக்சுக் கருவகத்தின் ஆவணங்களும் 2016 முதல் இதனாலேயே ஆக்கப்படுகின்றன. இக்கருவியில் கட்டளைப் பெயர்களைத் தனித்துக் காட்ட, சொல்லின் இருபுறமும் சாய்மேற்குறிகளை இடுவர். மூடுங்குறியை அடுத்து வெற்றிடமோ நிறுத்தற்குறியோ வரவேண்டும் என்பது அதன் விதி. ஆங்கிலத்தில் இவ்விதி எவரையும் உறுத்தாது. அங்கே 'இன்', 'டு' போன்ற சொற்கள் பெயருக்கு முன்னே தனித்து நிற்கின்றன. தமிழில் ஐ, ஆல், கு, இன், இல் என்னும் உருபுகள் பெயரின் பின்னே ஒட்டிக்கொள்ளும். மூடுங்குறியோடு 'இல்' என்று ஒட்டி எழுதியவுடன், குறி மூடப்படவில்லை என்று கருவி கூக்குரலிடும். எச்சரிக்கைகளையும் பிழைகளாகக் கொள்க என்று கட்டுமானத்தில் ஏவியிருந்தால் வேலை அங்கேயே நிற்கும்.

இதற்குத் தமிழிலக்கணமே விடை தருகிறது. உருபைக் குறியின் மேல் ஒட்டாமல், 'என்னும் கட்டளை' என்று இடையிலே ஒரு பெயரை நிறுத்தி, உருபை அப்பெயரின் மேல் ஏற்றுக. "மேக்கு என்னும் கட்டளையை ஏவுக" என்று எழுதினால், மூடுங்குறியின் பின் வெற்றிடம் தானே அமையும், தொடரும் தெளிவாகும், படிப்பவனுக்கு மேக்கு என்பது கட்டளையா கோப்பா என்பதும் விளங்கும். பொறியின் விதியும் தமிழின் நடையும் ஒரு சொல்லால் இணங்கிவிட்டன. ஒட்டித்தான் எழுதவேண்டுமென்றால், இடையே பின்சாய்வுக் கோட்டையும் வெற்றிடத்தையும் இட்டுப் பிரிக்கும் வழியும் அக்கருவியிலேயே உண்டு. அச்சிடும்போது அவ்விரண்டும் மறைந்துவிடும்.

மூன்றாவது, தலைப்பின் அடிக்கோடு. இதே முறையில் தலைப்பின் கீழே, தலைப்பின் நீளத்திற்குக் குறையாமற் கோடிட வேண்டும். 'கணினி நிரல்' என்னும் தலைப்பிற்கு நாம் கணக்கிட்டால் எழுத்து ஆறு, இடைவெளி ஒன்று, ஆக ஏழு. பொறியோ உயிர்மெய்யை மெய்யென்றும் உயிர்க்குறியென்றும் பிரித்தெண்ணுகிறது. புள்ளியை மட்டும் விட்டுவிடுகிறது. அதன் கணக்கிற் பத்து வருகிறது. ஏழு சிறு கோடுகளை இட்டவனுக்கு 'அடிக்கோடு குறைவு' என்னும் எச்சரிக்கை கிடைக்கும். நம் எழுத்தை நம் முறையில் எண்ணாத பொறியின் குறை இது. ஆயினும், கோடு நீண்டால் தவறில்லை என்பதை அறிந்து இருபது கோடுகளை இட்டுவிட்டால் இக்குறை நம்மைத் தீண்டாது.

நான்காவது, வரித்தொடக்கம். யூனிக்சு மரபிற் கையேட்டுப் பக்கங்களை அமைக்கும் முறை 1970-களிலிருந்து வருவது. அதில் வரியின் முதலில் புள்ளியோ ஒற்றை மேற்கோட்குறியோ வந்தால், அவ்வரி முழுவதையும் கட்டளையென்று கொள்வது விதி. ஆங்கிலத் தொடரின் நடுவில் நிற்கும் மேற்கோட் சொல் தமிழில் தொடரின் தலைக்கு வந்துவிடுவது இயல்பு. அப்போது அவ்வரி, கட்டளையாக விளங்காமலும் உரையாக அச்சேறாமலும் விழுங்கப்படும். பக்கம் வெளிவரும், ஒரு வரி இராது. விழுங்கப்பட்ட வரி "இதனைச் செய்யற்க" என்னும் எச்சரிக்கையாயின், அப்பக்கத்தை நம்பியவன் கதி என்ன?

ஐந்தாவது, குறியேற்றமும் எழுத்துருவும். 1990-களிலும் அதன் பின்னும் தமிழ்க் கோப்புகள் பல்வேறு குறியேற்றங்களில் எழுதப்பட்டன. தகுதரம் எனப்பட்ட திசுகி ஒருபுறம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற 'டாம்', 'டாபு' ஆகியவை மறுபுறம். 1991-இலேயே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் அமைந்திருந்தும், தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010-இலேதான். கோப்பின் தலைப்பகுதியில் ஒருங்குறி என்று எழுதி, உள்ளே பழங்குறியேற்றத்தில் எழுத்துகளை வைத்தால், 'செல்லாத எழுத்துத்தொடர்' என்று கருவி மறுக்கும். மறுப்பது கருவியின் கடமை. அச்சுப்பக்கம் ஆக்குவதிலும் இதுபோன்ற தடை உண்டு. பழைய டெக்கு அச்சமைப்புப் பொறி ஒருங்குறித் தமிழை அறியாது. கொம்பும் இணைக்கொம்பும் மெய்க்கு முன்னே அமையவேண்டும் என்பதையும் அறியாது. 2004-இல் வெளிவந்த சீடெக்கு போன்ற பொறிகள் ஒருங்குறியையும் கணினியிலுள்ள எழுத்துருக்களையும் கையாளும். பழைய பொறியையே பற்றிக்கொண்டு, "தமிழ் அச்சில் வரவில்லை" என்பது செருப்பு சிறிதென்பதற்காகக் காலை வெட்டுவதற்கு ஒப்பு.

ஆறாவது, முறியாத பிழை. இதுவே யாவற்றினும் கொடிது. மூலத்தொடர் மாறியவுடன், பழைய தமிழ்த்தொடரை 'ஐயத்திற்குரியது' என்று கருவி குறித்துவைக்கும். அத்தொடரை மீண்டும் படித்துத் திருத்தும் வரையில் அது வெளியீட்டிற் சேராது. அவ்விடத்தில் ஆங்கிலமே தோன்றும். விழுக்காடு உயரவேண்டும் என்னும் அவாவில், படிக்காமலே அக்குறியை நீக்குவோர் உளர். கட்டுமானம் தடையின்றி நடக்கும், பொறி எச்சரிக்காது. ஆனால் மூலத்தில் மாற்றப்பட்ட ஒரு விருப்பக்குறி தமிழிற் பழைய பொருளிலேயே நிற்கும். அதனை நம்பிக் கட்டளையிட்டவன் தன் கோப்புகளை இழப்பான். அதன்பின் அவனும் "தமிழ்க் கையேட்டை நம்பாதே" என்று நால்வரிடம் கூறுவான். ஒரு கையேட்டின் பொய் நூறு கையேடுகளின் மெய்யைக் கொன்றுவிடும்.

குற்றம் யார்மேல்?

மேற்கூறிய ஆறையும் எண்ணிப் பாருங்கள். எங்கேனும் 'தமிழால் இயலாது' என்று கூறத்தக்க ஒன்று உண்டா? முதல் ஐந்தும் பொறியாற் கண்டுபிடிக்கத்தக்கவை. ஆறாவது ஆளாற் காக்கத்தக்கது. ஒவ்வொன்றிற்கும் மருந்து கையில் இருக்கிறது. அம்மருந்தை இடவேண்டிய நேரத்தில் இடாமையே முறிவின் வேர். வெளியீட்டு நாளன்று முதன்முதலாகத் தமிழ்க் கையேட்டைக் கட்டிப் பார்ப்பவனுக்கு அன்றுதான் பிழை தெரியும். தமிழ்க்கோப்பு வந்த அன்றே கட்டிப் பார்த்திருந்தால், பெயர்த்தவன் அன்றே திருத்தியிருப்பான். ஆறு திங்களாகச் சேர்ந்த பிழைகளை ஓரிரவில் எதிர்கொள்பவன் மொழியைத் தூக்கியெறிவதில் வியப்பென்ன?

பிறமொழியினர் இச்சிக்கலை எவ்வாறு தீர்த்தனர் என்பதைப் பாருங்கள். இலினக்சுக் கருவகத்தின் ஆவணங்கள் சீனம், சப்பானியம், கொரியம் ஆகிய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டுள்ளன. அச்சுப்பக்கம் ஆக்கும் கணினியில் அம்மொழிகளுக்குரிய 'நோட்டோ' எழுத்துரு இல்லையெனில் என் செய்வது? சீனத்தை மூலத்தொகுப்பினின்று நீக்கிவிட்டார்களா? இல்லை. எழுத்துரு இல்லாத கணினியில் அப்பகுதிகளை மட்டும் தாண்டிச்சென்று, அவ்விடத்தில் 'எழுத்துரு இன்மையால் இப்பகுதி விடப்பட்டது' என்னும் குறிப்பை அச்சிடுமாறு செய்தனர். ஏனைய ஆவணம் நிற்காது. விடப்பட்டது என்பதும் மறையாது. பின்னர் அவ்வெழுத்துருக்களின் மாறுவடிவக் கோப்புகள் சில கணினிகளில் அச்சாக்கத்தை முறித்தபோது, 2024-இல் அத்தகைய கோப்புகளைத் தேடிக் காட்டும் சிறு நிரலொன்றை மூலத்தொகுப்பிலேயே சேர்த்தனர். முறிவு நேர்ந்தது, கரணியம் காணப்பட்டது, காவல் அமைந்தது, மொழி அங்கேயே இருந்தது.

பைத்தான் மொழியினர் 2017-இல் ஏற்றுக்கொண்ட 545-ஆம் முன்மொழிவு இன்னொரு வழியைக் காட்டுகிறது. ஒவ்வொரு மொழிக்கும் தனிக் களஞ்சியம். ஒவ்வொரு மொழிக்கும் பொறுப்பாளர். மொழிபெயர்ப்புக்கென்று தனிக் கட்டுமானம். ஒரு மொழியின் கையேடு முறிந்தால் அம்மொழியினர்க்குத் தெரியும். ஆங்கிலக் கையேடு நிற்காது. பிறமொழிக் கையேடுகளும் நில்லா. தெபியன் பக்கத்தில் பெரிதும் வழங்கும் 'போ-4-ஏ' என்னும் கருவியோ, எண்பது விழுக்காட்டிற்குக் குறைவாகப் பெயர்க்கப்பட்ட ஆவணத்தை இயல்பாகவே வெளியிடாது. எண்பதை எட்டியவுடன் தானே சேர்த்துக்கொள்ளும். அளவு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது, எம்மொழிக்கும் ஒன்றே. இதனை நாம் நயன்மை என்கிறோம். எவரும் அறியாமல் ஓரிரவில் இரண்டெழுத்தை அழிப்பதை அப்பெயரால் அழைக்க முடியாது.

போலி மருந்துகள் இரண்டு

மொழியை நீக்குவது முதற் போலி மருந்து. அதன் கேட்டை மேலே கூறினோம். இரண்டாவது, காவலனின் வாயைக் கட்டுவது. சரிபார்ப்புக் கருவி பிழையைச் சொன்னால், அப்பிழையைத் திருத்தாமல் அக்கருவியையே நிறுத்திவைப்பது. இதனைச் செய்பவர் தமிழுக்கு நன்மை செய்வதாகவே எண்ணிக்கொள்வர். "தமிழை நீக்கவில்லை, எச்சரிக்கையை மட்டுமே அடக்கினேன்" என்பர். முறிந்த தொடரும், விழுங்கப்பட்ட வரியும், விழும் நிரலும் அப்படியே மக்கள் கைக்குப் போகும். முதலாமவர் தமிழைத் தெருவில் விட்டார்; இவரோ தமிழை நோயோடு அவைக்கு அனுப்புகிறார். இருவரும் தமிழுக்குச் செய்தது ஒன்றே.

"ஆங்கிலக் கையேடு இருக்கும்போது தமிழ்க் கையேடு எற்றுக்கு? நிரலர் எல்லாரும் ஆங்கிலம் அறிவாரே" என்பார் மூன்றாமவர் ஒருவர். நிரலர் ஆன பின்னர் ஆங்கிலம் அறிவார். ஆகுமுன் அறிந்தவர் எத்தனை பேர்? தமிழ்வழியிற் படித்த பதினைந்து அகவைப் பெண்பிள்ளை, முதன்முதலில் ஒரு நிரலை எழுதி ஓட்டிப் பார்க்கும் வேளையில் அவளுக்கு வேண்டுவது தன் மொழியில் ஒரு தெளிவான பக்கம். அப்பக்கம் கிடைத்தால் அவள் நிரலர் ஆவாள். கிடைக்காவிடின், கணினி தனக்கு உரியதன்று என்று முடிவு செய்வாள். பின்னர் "தமிழில் நிரலர் இல்லை, ஆகவே தமிழ்க் கையேடு வேண்டா" என்று கணக்குக் காட்டுவார்கள். வித்தை எரித்துவிட்டு விளைச்சல் இல்லை என்பது எவ்வகை வேளாண்மை?

நம்மவர்க்கும் சில கூறவேண்டும்

தமிழன்பர்களே! பிறர் குற்றத்தை மட்டும் எடுத்துரைத்து அமர்ந்தால் நம் வீடு தூய்மையாகாது. ஆர்வத்தால் தவறிழைப்போர் நம் பக்கத்திலும் உளர்.

கட்டளைச் சொல்லையும் கோப்புப் பெயரையும் விருப்பக்குறியையும் தமிழாக்கிவிட்டு, அதனைத் தனித்தமிழ்த் தொண்டு என்று எண்ணுவோர் சிலர். கட்டளைச் சொல் என்பது பூட்டிற்குரிய திறவுகோலின் பல். அதனை அழகுபடுத்த அராவினால் பூட்டுத் திறவாது. பொறி அறிந்த சொல்லைப் பொறி அறிந்தவாறே விட்டுவிட்டு, அதனைச் சூழ்ந்த விளக்கம் அனைத்தையும் நல்ல தமிழில் எழுதுக. கட்டளைகளும் தமிழில் வேண்டுமென்றால், மூலநிரலையே தமிழில் எழுதுக. தமிழ்க் கட்டளையை ஏற்கும் நிரலைப் படைத்துக் காட்டுக. அது பெருந்தொண்டு. கையேட்டில் மட்டும் மாற்றி எழுதுவது, இல்லாத ஊருக்கு வழி சொல்வது.

பொறி பெயர்த்ததைப் படிக்காமலே ஏற்றிவிடுவோர் வேறு சிலர். இன்று மொழிபெயர்ப்புப் பொறிகள் நொடியில் ஆயிரம் தொடர்களைத் தள்ளுகின்றன. அவை இடங்காட்டிகளைக் குலைக்கும். குறிகளுக்கு நடுவே இடைவெளியைப் புகுத்தும். சுட்டுப் பெயர்களைப் பெயர்த்துவிடும். மூலத்திலுள்ள சுட்டுகளும் பெயர்ப்பிலுள்ள சுட்டுகளும் பொருந்தவில்லை என்று இசுபிங்சு கருவி ஒவ்வொன்றாய் முறையிடும். ஆயிரம் முறையீடுகளைக் கண்ட வெளியீட்டாளர் தமிழைப் பற்றி என்ன எண்ணுவார்? நாளொன்றுக்குப் பத்துத் தொடர்களைப் படித்துத் திருத்தி ஏற்றுபவனே தமிழின் தொண்டன். ஆயிரத்தைப் படிக்காமல் ஏற்றுபவன், தமிழை நீக்குவோன் கையிற் கத்தியைக் கொடுக்கிறான்.

ஒரே கையேட்டில் ஒரே பொருளுக்கு ஓரிடத்தில் 'அடைவு' என்றும், மற்றோரிடத்தில் 'கோப்புறை' என்றும், வேறோரிடத்தில் 'கோப்பகம்' என்றும் எழுதுவதும் அத்தகையதே. கட்டுமானம் இதனால் முறியாது. படிப்பவனின் பொறுமை முறியும். மூன்றும் நல்ல சொற்களே. ஒன்றைத் தேர்ந்து, சொற்பட்டியலில் எழுதி, அதன்படி நடக்கவேண்டும்.

செய்ய வேண்டுவன

வெளியிடுவோர் செய்ய வேண்டுவன ஐந்து. ஒன்று: மொழிபெயர்ப்புக் கோப்பு வரும் ஒவ்வொரு முறையும் அதனைச் சரிபார்ப்புக் கருவிக்குக் கொடுத்து, பிழையிருப்பின் அன்றே பெயர்த்தவனுக்குத் திருப்புக. இரண்டு: ஒவ்வொரு மொழியின் கையேட்டையும் தனித்தனியே கட்டுக, ஒன்றன் முறிவு மற்றொன்றைத் தீண்டாதிருக்கட்டும். மூன்று: வெளியீட்டிற்குச் சில கிழமைகளுக்கு முன்னரே மூலத்தொடர்களைத் திருத்துவதை நிறுத்துக. ஆறு திங்களுக்கு ஒருமுறை வெளிவரும் குனோம் திட்டத்தில் இவ்வழக்கம் நெடுநாளாக உண்டு. மொழிபெயர்ப்போர்க்கு மூச்சுவிடும் காலம் அதுவே. நான்கு: ஒரு தொடர் பழுதென்றால் அத்தொடரை மட்டும் ஆங்கிலத்திற் காட்டுக, ஒரு பக்கம் பழுதென்றால் அப்பக்கத்தை மட்டும் விடுக, முழு மொழியையும் நீக்கற்க. ஐந்து: எதனை விட்டாலும், விட்டதை வெளிப்படையாக அறிவிக்க; பொறுப்பாளனுக்கு எழுதுக.

பெயர்ப்போர் செய்ய வேண்டுவனவும் ஐந்து. ஒன்று: ஏற்றுமுன் உங்கள் கணினியிலேயே கையேட்டைக் கட்டிப் பார்க்க. இரண்டு: இடங்காட்டி, குறி, சுட்டு, கட்டளை ஆகிய நான்கையும் தொடாதீர், இடம் மாற்றவேண்டின் வரிசையெண் இடுக. மூன்று: உருபைக் குறியின்மேல் ஒட்டாமல், 'என்னும் கட்டளை', 'என்னும் கோப்பு' என்று பெயரை இடைநிறுத்தி எழுதுக. நான்கு: ஐயக்குறியை, மூலத்தையும் பெயர்ப்பையும் ஒப்பிட்டுப் படித்த பின்னரே நீக்குக. ஐந்து: ஒருங்குறியில் மட்டுமே எழுதுக, பழைய கோப்பாயின் மாற்றிய பின்னரே சேர்க்க.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. கருவிகள் இலவயமாகக் கிடைக்கின்றன. பல கட்டளைகள் ஒரு வரியில் அடங்கும். வேண்டுவது உழைப்பும் ஒழுங்கும். ஊருக்கு ஒருவர், கணினி அறிந்த தமிழன்பர் ஒருவர், தாம் நாளும் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றைத் தேர்ந்து, அதன் தமிழ்க் கையேட்டிற்குப் பொறுப்பாளராகப் பெயர் கொடுக்கட்டும். கோப்பு வந்தால் சரிபார்ப்பதும், வெளியீட்டிற்கு ஒரு திங்கள் முன்னரே கட்டிப் பார்ப்பதும், மொழிப்பட்டியலிலிருந்து தமிழ் நீங்கினால் அன்றே ஏனென்று கேட்பதும் அவர் வேலையாகட்டும். கேட்பாரற்ற மொழியை நீக்குவது எளிது. வாயிலில் ஆள் நிற்கும் மொழியை நீக்குமுன் எவரும் ஒருமுறை எண்ணுவர்.

அடுத்த வெளியீட்டிற்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்றே தொடங்குக.